முதல் கேமிங் கணினி: தாளைத் தலைகீழாகப் படியுங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாள் அக்கா மகன் ஒரு தாளோடு வந்தான். மேலே ‘கேமிங் பிசி’ என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தான். முதல் வரியில் ஐ7 பிராசசர். அடுத்தது 32 ஜிபி ராம். அதற்கடுத்து, நான்கு வண்ண விசிறிகள் வைத்த கண்ணாடி கேபினெட். கிராஃபிக்ஸ் கார்டு கடைசி வரியில், அதுவும் ‘மிச்சப் பணத்துக்கு ஏதாவது’ என்று. “அம்மான், 60,000-க்குள்ள வந்துருமா?” என்றான்.

வந்துவிடும். ஆனால் அவன் ஆட ஆசைப்படும் விளையாட்டுகள் அதில் திணறும். தாளைக் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொன்னேன். அன்று சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் முதல்முறையாகச் சொந்தக் காசில் கணினி அசெம்பிள் செய்ய நினைக்கிற பிள்ளைகளுக்கும், அந்தக் காசைக் கொடுக்கப் போகிற பெற்றோருக்கும் இது உதவும்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. விளக்கத்துக்கு அந்தத் தரையே போதுமானதாக இருந்தது. கணினித் திரையையும் ஒரு தரையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் எச்டி எனப்படும் 1080பி திரையில் அகலவாட்டில் 1,920 புள்ளிகள், உயரவாட்டில் 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கல். விளையாட்டு 60 எஃப்பிஎஸ் வேகத்தில் ஓடுகிறது என்றால், இந்த இருபது லட்சம் கல்லையும் வினாடிக்கு 60 தடவை புதிதாகப் பதிக்கிறார்கள் என்று பொருள். ஒரு தடவை பதித்து முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி.

இந்த வேலையில் பிராசசர்தான் மேஸ்திரி. எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எங்கே போய் விழும், கதவு திறந்ததா மூடியதா என்று கணக்குப் போட்டு, எந்தப் பூ எந்த மூலையில் வர வேண்டும் என்று உத்தரவு கொடுப்பவர். கல்லைக் கையால் தொட்டுப் பதிக்கிற ஆட்கள் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறார்கள். ரைசன் 5 5600 என்ற பிராசசரில் 6 கோர். அதாவது 6 மேஸ்திரிகள். ஆர்எக்ஸ் 6600 என்ற கார்டில் 1,792 சிறு கணிப்பான்கள். அத்தனை பேரும் கல் பதிப்பவர்கள். மேஸ்திரி சொல்லி முடிக்கத் தாமதமானால் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆட்கள் குறைவாக இருந்தால் மேஸ்திரி எத்தனை கெட்டிக்காரராக இருந்தும் தரை முடியாது. கேமிங் பேசுகிறவர்கள் ‘பாட்டில்நெக்’ என்று சொல்வது இந்த இரண்டு நிலையையும்தான்.

அக்கா மகனின் தாளில் இருந்தது இரண்டாவது நிலை. பெரிய மேஸ்திரி, நாலைந்து ஆட்கள்.

திரையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று அவனே கேட்டான். நல்ல கேள்வி. 1440பி திரையில் 36,86,400 புள்ளிகள். கல் ஏறக்குறைய 1.8 மடங்கு கூடுகிறது. மேஸ்திரி போட வேண்டிய கணக்கு பெரிதாகக் கூடுவதில்லை, பதிக்கிற ஆட்களுக்குத்தான் சுமை. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது திரை. அதை வைத்து கார்டு. அந்தக் கார்டுக்கு ஈடு கொடுக்கிற அளவில் பிராசசர். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் கணினிக்கு 24 அங்குல 1080பி மானிட்டர் போதும். 100 ஹெர்ட்ஸோ 144 ஹெர்ட்ஸோ இருந்தால் நல்லது. 144 ஹெர்ட்ஸ் திரை வினாடிக்கு 144 தடவை படத்தை மாற்றும், ஆகவே அசைவு வழவழப்பாகத் தெரியும். வாங்கிவந்த பிறகு விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் போய் அந்த எண்ணை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு வருஷம் 60 ஹெர்ட்ஸிலேயே ஆடிக்கொண்டிருந்த பையன்களை எனக்குத் தெரியும்.

என்ன விளையாட்டு என்பதும் கணக்கில் வரும். வேலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்றவற்றை 1080பி-ல் ஆடும்போது கார்டை விட மேஸ்திரிக்கே வேலை அதிகம். கதையோடு போகிற பெரிய விளையாட்டுகளில் காடும் மழையும் வெளிச்சமும் நிறைந்திருக்கும். அங்கே ஆட்கள்தான் முக்கியம். வேலரண்ட் மட்டும்தான் ஆடப்போகிறேன் என்று உறுதியாகச் சொல்கிறவர் கார்டில் பணத்தைக் குறைக்கலாம். ஆனால் 17 வயதுப் பையன் ‘இது மட்டும்தான்’ என்று சொல்வதை ஆறு மாதத்துக்கு மேல் நம்பக் கூடாது.

கார்டு: ஜிபி எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கார்டுக்கென்று தனி நினைவகம் உண்டு, விராம் என்பார்கள். கல் பதிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கல்லை அடுக்கி வைக்கிற கொட்டகை அது. கொட்டகை நிறைந்துவிட்டால், தூரத்துக் கிடங்கிலிருந்து, அதாவது கணினியின் ராமிலிருந்து, வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிற படம் சட்டென்று ஒரு நொடி நின்று நின்று போகும். இன்றைய பெரிய விளையாட்டுகளுக்கு 4 ஜிபி கொட்டகை பற்றாது. 1080பி-க்கு 8 ஜிபி என்பதைக் கீழ்வரம்பாக வையுங்கள். 12 ஜிபி கிடைத்தால் நிம்மதி.

ஆனால் கொட்டகை பெரிது என்பதால் ஆட்கள் அதிகம் என்று ஆகிவிடாது. ‘4 ஜிபி கார்டு தம்பி, எல்லா கேமும் ஓடும்’ என்று சொல்லி, 2014-ல் வந்த ஜிடி 730 வகைக் கார்டைத் தலையில் கட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கொட்டகை இருக்கும், உள்ளே நாலு ஆள்தான் இருப்பார்கள். ஆகவே ஜிபி-யை மட்டும் கேட்காமல், முழுப் பெயரையும் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, நீங்கள் ஆட விரும்பும் விளையாட்டை அந்தக் கார்டு எத்தனை எஃப்பிஎஸ் தருகிறது என்று யூடியூபில் தேடிப் பாருங்கள்.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்பதும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. வித்தியாசம் 2 ஜிபி மட்டும்தான் என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருக்கும் கோர்களும் 2,560-லிருந்து 2,304 ஆகக் குறைந்திருக்கும்.

பட்ஜெட் வட்டத்தில் நான் பார்க்கச் சொல்வது ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, இன்டெல் ஆர்க் பி580. முதல் மூன்றும் 8 ஜிபி, கடைசி 12 ஜிபி. ஆர்க் கார்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டில் ‘ரீசைஸபிள் பார்’ என்ற வசதி இருந்து, அதை ஆன் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் நன்றாகவே குறையும். பழைய போர்டில் போடுவதற்கு அது ஏற்றதில்லை.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், நேரில் பார்த்து. எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டுகிற (மைனிங்) வேலை 2022 செப்டம்பரில் நின்றது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டு, விசிறி எல்லாம் சுற்றுகிறதா, படத்தில் கோடு விழுகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

மற்ற பாகங்கள்

நானும் அக்கா மகனும் 60,000-ஐப் பிரித்த விதம் இது, மானிட்டர் தனி. கார்டுக்கு 23,000 அளவில். பிராசசருக்கு 9,500. மதர்போர்டுக்கு 7,500. ராமும், விளையாட்டுகளைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டியும் சேர்ந்து 11,000. எல்லாப் பாகங்களுக்கும் கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்-க்கு 5,000. மிச்சம் 4,000 கேபினெட்டுக்கு. விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் ரூபாயை விட்டுவிட்டுப் பங்கை மட்டும் மனதில் வையுங்கள்: ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கார்டுக்குப் போகிறது.

பிராசசரில் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப். இரண்டும் 6 கோர், 12 த்ரெட். இன்டெல் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று இருந்தால் உள்ளே படம் காட்டும் பகுதி இல்லை, கார்டு இருந்தால்தான் திரையில் எதுவும் தெரியும். கையில் 35,000 மட்டும்தான் இருக்கிறது என்றால், படம் காட்டும் பகுதியும் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி வாங்கி, சின்ன விளையாட்டுகளை ஆடிக்கொண்டு, ஒரு வருஷம் சேர்த்துக் கார்டு போடலாம். கடன் வாங்கி முழுக் கணினி வாங்குவதை விட இது நல்ல வழி.

ரைசன் 5000 வரிசை உட்காருகிற ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது. அதன் ஆயுள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி அதில் பெரிய முன்னேற்றத்துக்கு வழியில்லை. 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு எதிர்காலம் இருக்கிறது, ஆனால் அதில் டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் மட்டும்தான் போடலாம், போர்டும் விலை கூட. மூன்று வருஷத்தில் பிராசசரை மாற்றுவேன் என்கிறவருக்கு ஏஎம்5. இருக்கிற பணத்தில் இன்றைக்கு நன்றாக ஆட வேண்டும் என்கிறவருக்கு ஏஎம்4. அக்கா மகனுக்கு நான் சொன்னது இரண்டாவது.

மதர்போர்டில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பி550 அல்லது பி450 போதும். பி450 என்றால், பழைய ஸ்டாக்காக இருந்து, போர்டைத் தொடங்கிவைக்கிற மென்பொருளான பயாஸ் அப்டேட் ஆகாமல் இருக்கலாம். கடையிலேயே கேட்டு வாங்குங்கள். இன்டெல் போர்டுகளில் ஒரே எண்ணில் டிடிஆர்4 வகையும் டிடிஆர்5 வகையும் உண்டு. ராம் குச்சியில் வெட்டு இருக்கும் இடம் வேறு வேறு என்பதால் ஒன்றில் மற்றொன்று நுழையாது.

ராம் 16 ஜிபி, அதுவும் ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக. ஒற்றைச் சாலையை விட இரட்டைச் சாலையில் வண்டி அதிகம் போகும் அல்லவா, அதே கணக்கு. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. அந்த விலையில் 32 ஜிபி-க்கு ஆசைப்பட்டுக் கார்டைக் குறைப்பது வீண். நண்பரிடம் சும்மா கிடக்கிற டிடிஆர்4 குச்சிகள் இருந்தால் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். ராம் அத்தனை சுலபமாகத் தேய்கிற பாகம் இல்லை.

எஸ்எஸ்டி கட்டாயம் என்விஎம்இ வகை, முடிந்தால் 1 டிபி. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபி-யைத் தாண்டுகிறது. பணம் இடித்தால் 500 ஜிபி-யோடு தொடங்குங்கள், பிறகு கூட்டிக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ் காசில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ், எர்த், நம் ஊர்க் கரண்டு

2018-ல் நான் முதல்முறை அசெம்பிள் செய்தபோது கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ்-ஐப் போட்டேன். பக்கத்தில் 500 வாட் என்று ஸ்டிக்கர். எட்டாவது மாதம், சித்திரை மாத இரவு ஒன்றில், போன கரண்டு திரும்பி வந்த நொடியில் டப்பென்று ஒரு சத்தம். கருகிய வாடை. தான் போனதோடு மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போனது. மிச்சம் பிடித்தது ரூ. 2,500, போனது அதைப் போல மூன்று மடங்கு.

அந்த ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. எஸ்எம்பிஎஸ்-ன் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்டிருக்கும். அதில் +12V என்ற பத்தியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கார்டும் கரண்டு எடுப்பது அந்த 12 வோல்ட் வழியில்தான். ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 20 ஆம்பியர் என்றால் 240 வாட். மேலே 500 என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு உதவுவது 240தான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்-ல் அந்த இடத்தில் 40-க்கு மேல் இருக்கும். கரண்டை அதிகம் வீணாக்காது என்று காட்டும் 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) முத்திரையும், குறைந்தது 3 வருஷம், முடிந்தால் 5 வருஷ வாரண்டியும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

550 அதிகமோ என்று தோன்றலாம். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட், ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட், மற்றவை எல்லாம் சேர்ந்து 50 அளவில். மொத்தம் 260-க்குள். பாதிச் சுமையில் ஓடுகிற எஸ்எம்பிஎஸ் சூடாகாமல், சத்தமில்லாமல், நெடுநாள் உழைக்கும். நாளைக்குப் பெரிய கார்டு போட்டாலும் தாங்கும்.

அடுத்தது எர்த். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் சுவரும் தேக்குத் தூணும் எழும்பிப் பல வருஷம் கழித்துத்தான் ஒயரிங் வந்தது. ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு இழுத்து, பிறகு அதிலிருந்து வேறொன்று இழுத்து என்று வளர்ந்த ஒயரிங். மூன்று ஓட்டைப் பிளக் பாயிண்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கணினியை மாட்டினால், கேபினெட்டின் இரும்பைத் தொடும்போது சுர்ரென்று விறுவிறுக்கும். எஸ்எம்பிஎஸ்-ன் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெபாசிட்டர்கள், இரண்டு ஒயருக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே இருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் 230-ல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். கரண்டு மிகக் குறைவுதான். ஆனாலும் வெறுங்காலோடு கல் தரையில் நிற்கிற பிள்ளை தொடுகிற பொருள் அது. வேறு பழுது ஏதாவது வந்தால் காப்பாற்றவும் எர்த் வேண்டும்.

கணினி வாங்குவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பாயிண்டில் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் பின்னால் ஒன்றாக முறுக்கிவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று சொல்கிறவரிடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட்டிலேயே முழுக் கரண்டும் ஏறிவிடும். இது உயிர் விஷயம்.

வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டர் இந்தக் கால எஸ்எம்பிஎஸ்-க்கு ஒத்துக்கொள்வதில்லை. ப்யூர் சைன் வேவ் வகையாக இருந்து, யூபிஎஸ் மோடும் இருந்தால் சரி. தனி யூபிஎஸ் வாங்கினால் விஏ எண்ணை வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். நாம் போட்ட கணக்குக்கு, மானிட்டரையும் சேர்த்து, விளையாட்டைச் சேமித்து நிறுத்துகிற அளவுக்கு அது தாங்கும்.

காற்று போகிற வழி

கேபினெட் தேர்வுக்கு நம் வீடுகளே பாடம். தெருவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நிலைகள் நேர்கோட்டில் போய்ப் பின்வாசல் வரை தெரியும். முன்னால் நுழைகிற காற்று உள்ளே ஓடுகிறது. சூடானது வளவின் திறந்த முற்றம் வழியே மேலே ஏறிவிடுகிறது. கேபினெட்டிலும் இதே ஒழுங்குதான் வேண்டும். முன்பக்கம் வலை, அங்கே காற்றை உள்ளே இழுக்கும் விசிறி இரண்டு, பின்பக்கம் வெளியே தள்ளும் விசிறி ஒன்று. முன்னால் முழுக் கண்ணாடி வைத்த கேபினெட் என்பது நிலைக்கதவை அடைத்துவிட்டு உள்ளே விறகடுப்பு மூட்டுவது போல. அக்கா மகனுக்கு விட்டுக்கொடுக்க மனம் வராத வரி இதுதான். பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் வலை என்று ஒரு கேபினெட் கிடைத்ததில் சமாதானமானான்.

யூடியூபில் கார்டு 65 டிகிரியில் ஓடுகிறது என்று காட்டுகிறவர்கள் பெரும்பாலும் 22, 23 டிகிரி ஏசி அறையில் உட்கார்ந்து அளக்கிறார்கள். கத்திரி வெயிலில் நம் மாடி அறை 38-ஐத் தொடும். அறை 15 டிகிரி கூடினால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ரைசன் 5 5600-க்கு எல்லை 90 டிகிரி. அதை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டு மதியம் திணறி ராத்திரி நன்றாக ஓடினால் காரணம் இதுதான்.

செம்மண் தூசி இன்னொன்று. மாதம் ஒருமுறை முன்வலையைக் கழற்றித் தட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் உள்ளே ஊதுங்கள், அப்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு மூடிவிடுங்கள். பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான இடம் தேடி வரும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியில் வைப்பது உத்தமம்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு ஒரே பிடிவாதம்: ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் எண் இருக்க வேண்டும். பல்லவன் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம், மதுரைக்கோ திருச்சிக்கோ போகலாம், ஆன்லைனில் போடலாம். எங்கே வாங்கினாலும், பழுதானால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். விலையில் 500 ரூபாய் குறைவு என்று வாங்கியதை இரண்டு முறை கூரியர் அனுப்பினால் அந்த 500 போய்விடும்.

பாகங்கள் எல்லாம் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, வளவில் பாய் விரித்து அவனே பூட்டினான். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. பட்டனை அழுத்தினான். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. அவன் முகம் வாடிவிட்டது. பின்னால் போய்ப் பார்த்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தான். 5600-ல் படம் காட்டும் பகுதி கிடையாதே. கேபிளைப் பிடுங்கிக் கீழே இருந்த கார்டில் செருகினான். பயாஸ் திரை வந்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த என் ஆத்தா, “ஓடுதா அப்பு?” என்றது.

“ஓடுது ஆயா, இரு” என்று சொல்லிவிட்டு, ராமின் முழு வேகத்துக்கான எக்ஸ்எம்பி செட்டிங்கை அவனே தேடிப் பிடித்து ஆன் செய்தான்.